தூத்துக்குடியில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

கேள்வி-பதில் பகுதிக்கு ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ‘மிளகாய்ச் செடியில் இலை வெளுக்கிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இது சத்துக்குறைவா, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும் புகையா? பேத்திக்கும் விடியற்காலையில் இரைப்பு வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?’

வழக்கமாக இப்படி ஒரு கடிதம் வந்தால் இலையை வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள், பேத்தியை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவோம். இந்த முறை அப்படி முடிக்க மனம் வரவில்லை. தூத்துக்குடிக்காரர் ஒருவர் காற்றைப் பற்றிக் கேட்டால் அது லேசான கேள்வி இல்லை. ஆவணி பிறந்த கையோடு பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடிதம் எழுதியவர் வீட்டுக்குக் கடைசியாகப் போவது, அதற்கு முன் அந்தக் காற்று எங்கெல்லாம் புறப்படுகிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்ப்பது என்பது திட்டம்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் தாண்டினால் இருபுறமும் கரிசல்தான். புரட்டாசிப் பட்டத்துக்கு உழுது போட்ட நிலம் கறுத்துக் கிடந்தது. உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் என்று எல்லாமே வானம் பார்த்த வெள்ளாமை. ஊர் நெருங்கும்போது சாலையோரம் நீளமான மதில் ஒன்று வரும். அதற்குள்தான் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை மூடிக் கிடக்கிறது. அதை ஒட்டி அ.குமரரெட்டியபுரம், தெற்கு வீரபாண்டியபுரம் என்று சின்னச் சின்ன ஊர்கள். 2018 பிப்ரவரியில் ஆலையை இரண்டு மடங்காக்கும் வேலை தொடங்கியபோது குமரரெட்டியபுரத்துச் சனங்கள்தான் முதலில் மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். ஆடு மாடு வைத்திருந்தவர்களும் மானாவாரிச் சம்சாரிகளும்தான் அதிகம். நூறாவது நாள், மே 22-ஆம் தேதி, ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்துப்போனார்கள். ஆறு நாள் கழித்து, மே 28-இல், அரசு ஆலையை மூட உத்தரவிட்டது. 2020 ஆகஸ்ட் 18-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மூடலைச் சரி என்றது. 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றமும் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

இதெல்லாம் ஊரறிந்த கதை. எனக்கு அங்கே நின்றபோது ஞாபகம் வந்தது இன்னொரு தேதி, 2013 மார்ச் 23. அன்று விடியற்காலையில் நடைப்பயிற்சி போனவர்களுக்கும், வாசல் தெளிக்க வந்தவர்களுக்கும் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, இருமல் நிற்கவில்லை. மரஞ்செடிகள் இலை கருகி, பூ உதிர்ந்து நின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மார்ச் 29-இல் ஆலையை மூடச் சொன்னது. எங்கள் புகை இல்லை என்றது ஆலை. மே 31-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திரும்ப ஓட்ட அனுமதி கொடுத்தது. இதற்கு நடுவில் ஏப்ரல் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பழைய வழக்கு ஒன்றில், சுற்றுச்சூழலுக்குச் செய்த கேட்டுக்காக ஆலை 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும், ஆனால் மூட வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது.

அந்த வாயு என்னவென்று நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. தாமிரத் தாதுவில் கந்தகம் நிறைய உண்டு. உருக்கும்போது அது சல்ஃபர் டை ஆக்ஸைடாகக் கிளம்பும். பிடித்துக் கந்தக அமிலமாக்கிவிட்டால் சரக்கு. உலையை நிறுத்தி மறுபடி மூட்டும்போதோ, எங்காவது பழுதாகும்போதோ தப்பினால் நஞ்சு. நிலக்கரியிலும் கந்தகம் இருக்கிறது, ஆகவே அனல்மின் நிலையப் புகைபோக்கியிலும் இதே வாயுதான் வரும். தாமிரம் உருக்குகிற ஆலை மூடியிருக்கிறது, கரி எரிக்கிற உலைகள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆலை மூடிய பிறகு ஊரில் பலர் காற்றைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அடியோடு மறந்துவிட்டார்கள்.

இந்த ஆலை முதலில் வரவிருந்தது மகாராஷ்டிரத்து ரத்தினகிரிக்கு. அங்கே அல்போன்சா மாம்பழ விவசாயிகள், மாமரத்துக்கு இந்தப் புகை ஆகாது என்று எதிர்த்து நின்றார்கள். அதன் பிறகுதான் 1994-இல் இங்கே அடிக்கல் நடப்பட்டது. ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரம் வளர்க்க வேண்டும் என்பது வாரியம் முதலில் போட்ட நிபந்தனை. அதைப் பிறகு 25 மீட்டராகக் குறைத்துக்கொடுத்தார்கள். நம் பக்கத்தில் வரப்பில் நடுகிற வேலிக்காத்தான் கூட அதைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும் என்று கிண்டலாகச் சொல்லத் தோன்றுகிறது.

அந்த மதிலைத் தாண்டிக் கிழக்கே ஊருக்குள் போனால், திரேஸ்புரம் கடற்கரை. வள்ளங்கள் வரிசையாக நின்றன. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற கரை இதுதான். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சிக் கழகத்தார் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அது பெருந்தொழிலாகவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். இளவயதில் கல் கட்டி இறங்கியவர்.

“எங்க தொழிலுக்குத் தம்முதான் முதல், தம்பி. கயிறு பிடிக்க மச்சான்தான் வேணும்பாக. அக்கா தங்கச்சி தாலிக்குப் பயந்தாவது கவனமா இழுப்பாம்லா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே கீழ போவேன். எண்ணிக்கை கொறஞ்சா அன்னைக்கு மேலுக்குச் சொகமில்லன்னு எனக்கே தெரியும். எந்த டாக்டரும் சொல்ல வேண்டாம்.”

இப்போது எவ்வளவு எண்ணுவீர்கள் என்றேன். சிரித்துவிட்டு வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பேச்சு காற்றுக்குத் திரும்பியது. கடல்காரர்களுக்குக் காற்று என்பது ஒன்றில்லை. மேற்கிலிருந்து அடிப்பது கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கே சோழகம், வடக்கே வாடை. வைகாசி கடைசி தொடங்கி ஆவணி வரை கச்சான்தான். அந்த மாதங்களில் ஊர்ப்புகை கடலுக்குப் போய்விடும். மாசி, பங்குனியில் பகலில் கடலிலிருந்து கொண்டல் ஏறி உள்நாட்டுக்கு வீசும். துறைமுகத்துக் கரித்தூசியும் அனல்மின் நிலையப் புகையும் அப்போது நிலத்துப் பக்கம் திரும்பும். இரவானால் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்து, காற்று தரையிலிருந்து கடலுக்கு மெல்ல நகரும். விடிவதற்கு முன்னால் அதுவும் அடங்கிப்போகும். குளிர்ந்த கனமான காற்று நிலத்தோடு படுத்துக்கிடக்க, அதில் கலந்த புகை மேலே போக வழியில்லாமல் ஆள் உயரத்திலேயே நிற்கும். வெயில் ஏறினால்தான் கலையும். 2013-இல் கண் எரிந்தது விடியற்காலையில் என்பதையும், ஊர் ஆலைக்குக் கிழக்கே கடல் பக்கம் இருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மறுநாள் அதிகாலை முத்தையாபுரம் பக்கம் உப்பளத்துக்குப் போனேன். மூன்று மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது. வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. பெண்கள் இரும்புச்சட்டியில் உப்பைச் சுமந்து அம்பாரம் கட்டுகிறார்கள், ஆண்கள் பாத்தியில் வாருகிறார்கள். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில்தான், அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில். தூரத்தில் துறைமுகத்து விளக்குகள், அதற்குப் பக்கத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அரசு அனல்மின் நிலையம் 1979-இல் ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. பிறகு 500 மெகாவாட்டில் இரண்டு அலகுகளோடு என்.எல்.சி. கூட்டு நிறுவனம் வந்தது. இன்னும் தனியார் நிலையங்கள் உண்டு. தெற்கே உடன்குடியில் 660 மெகாவாட்டில் இரண்டு அலகுகள். கருப்பட்டிக்குப் பேர்போன பனங்காட்டு ஊர் அது. கரி ஒடிசாப் பக்கத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கப்பலில் வருகிறது. நம் நாட்டுக் கரியில் ஒரு டன் எரித்தால் 300 முதல் 400 கிலோ சாம்பல் மிஞ்சும். அதில் கொஞ்சம் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது, மீதி குட்டையில்.

சட்டியை இறக்கி வைத்து நீச்சத்தண்ணீர் குடித்த ஒரு அம்மாவிடம், உப்பில் கறுப்பு படியுமா என்று கேட்டேன். “கொண்டல் அடிக்கையில படியும்ணாச்சி. வெள்ளை வேட்டியில மை தெளிச்சாப்ல இருக்கும். கறுத்த உப்புக்கு வெல கொறைப்பாவ. உப்புல படிஞ்சா மொதலாளி பாப்பாரு, எங்க நெஞ்சுல படிஞ்சா யாரு பாக்கா?”

அந்த அம்மா சொன்னதில் மருத்துவமும் இருக்கிறது. சல்ஃபர் டை ஆக்ஸைடு நீரில் எளிதாகக் கரையும். மூக்கால் மெல்ல மூச்சு விடுகிறவருக்குப் பெரும்பகுதி மூக்கின் ஈரத்திலேயே கரைந்து நின்றுவிடும். சுமை தூக்கி, குனிந்து வாரி, வாயால் இரைக்க இரைக்க மூச்சு வாங்குகிறவருக்கு அது நேரே கீழே இறங்கும். ஆஸ்துமா இருப்பவருக்கு ஒரு சில நிமிடத்திலேயே மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும். ஒரே காற்றுதான், ஜன்னல் சாத்திய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு அளவு, உப்பளத்திலும் களையெடுக்கும் வயலிலும் நிற்பவருக்கு வேறு அளவு. உடல் எடையோடு பார்த்தால் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். இதோடு விறகடுப்புப் புகை, பீடி, பக்கத்து ஊரில் மருத்துவர் இல்லாதது, ஒருநாள் கூலி போனால் உலை ஏறாதது எல்லாம் சேர்கிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் 80,000-க்கும் அதிகமானவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மூச்சு மண்டல நோய்கள் அங்கே கூடுதல் என்று அதில் வந்தது. அதற்குப் பிறகும் அந்த மக்களை ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்துவரும் ஏற்பாடு உருவாகவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

அளப்பதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. மத்திய அரசின் 2009 விதிப்படி காற்றில் சல்ஃபர் டை ஆக்ஸைடு, 24 மணிநேரச் சராசரியாக, ஒரு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. மணிக்கணக்கிலோ நிமிடக் கணக்கிலோ வரம்பு எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 10 நிமிடத்துக்கு 500 என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கையால் மாதிரி எடுக்கும் நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளந்தால் போதும் என்பது ஏற்பாடு. ஒரு கிணற்றில் காலை ஆறு மணிக்கு யாரோ மருந்தைக் கொட்டிவிட்டார்கள், அன்று முழுக்க இறைத்த தண்ணீரை ஒரே தொட்டியில் கலக்கி அளந்து ‘சராசரி சரியாக இருக்கிறது’ என்று சொன்னால் ஆறு மணிக்குத் தண்ணீர் குடித்த மாட்டுக்கு என்ன பதில்? அதுவும் அந்த நாள் அளக்கிற நாளாக இருந்தால்தான் இந்தச் சராசரியாவது கிடைக்கும்.

2019-இல் மத்திய அரசு தேசிய தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, காற்றுத்தர அளவைத் தாண்டிய 102 நகரங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது தூத்துக்குடி ஒன்றுதான். சென்னை கூட அப்போது இல்லை. அனல்மின் நிலையங்கள் சல்ஃபர் டை ஆக்ஸைடைப் பிடிக்கும் கருவி வைக்க வேண்டிய நிலையை உண்டாக்கிய விதி 2015 டிசம்பரில் வந்தது. கெடு இரண்டு வருடம். அது தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயமே இல்லை என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

புகைக்கும் வெள்ளாமைக்கும் உள்ள வழக்கு புதிதில்லை. கனடா நாட்டில் டிரெயில் என்ற ஊரில் ஓர் உருக்காலை. அதன் புகை பள்ளத்தாக்கு வழியே எல்லை தாண்டி அமெரிக்க விவசாயிகளின் பயிரையும் மரத்தையும் கெடுத்தது. இரண்டு நாடுகளும் நடுவர் மன்றத்துக்குப் போயின. 1941-இல் இறுதித் தீர்ப்பு வந்தது: ஒரு நாடு தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகையால் அடுத்த நாட்டுக்குக் கேடு வரவிடக் கூடாது, நட்டஈடு தர வேண்டும். உலகச் சட்டப் புத்தகங்களில் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். அந்த வழக்கில் பேசப்பட்டதெல்லாம் கருகிய இலையும் பட்ட மரமும்தான்.

இலையைப் படிப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். சல்ஃபர் டை ஆக்ஸைடு பட்டால் நன்றாக விரிந்து வேலை செய்துகொண்டிருக்கும் நடுத்தர வயது இலைகள்தான் முதலில் அடிபடும். நரம்புகளுக்கு இடையே திட்டுத்திட்டாக வெளுத்து, பிறகு தந்த நிறமாகவோ பழுப்பாகவோ காயும். ஓரிரு நாளுக்குள் தெரிந்துவிடும். முக்கியமாக, ஒரு செடியில் மட்டும் வராது. பக்கத்திலிருக்கும் வேறு பயிரிலும் களையிலும் மரத்திலும் ஒரே நேரத்தில், காற்று வந்த பக்கத்தில் அதிகமாக இருக்கும். குதிரைமசாலுக்கு இது சீக்கிரம் தெரியும், மக்காச்சோளம் கொஞ்சம் தாங்கும்.

மூன்றாம் நாள்தான் கடிதம் எழுதியவரின் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றுப் பாசனத்தில் முக்கால் ஏக்கர் மிளகாய். ஒரு வரிசை நடந்ததுமே தெரிந்துவிட்டது. வெளுத்திருந்தவை அத்தனையும் கொழுந்து இலைகள். கீழ் இலைகள் பச்சையாக இருந்தன. வரப்பில் நின்ற குப்பைமேனியும் துளசியும் பழுதில்லாமல் இருந்தன. சுண்ணாம்பு அதிகமுள்ள கரிசலில் வருகிற இரும்புச்சத்துக் குறைபாடு. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை என்றேன். புகை இல்லை என்றதும் அவர் முகத்தில் நிம்மதியோடு கொஞ்சம் ஏமாற்றமும் தெரிந்தது. பேத்தியின் இரைப்புக்கும் அந்த இலையிலேயே விடை இருக்கும் என்று நினைத்திருப்பார் போல.

பேத்திக்கு எட்டு வயது. திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். மேற்கே இரண்டு காடு தள்ளி நீலமாக ஒரு புகை தரையோடு படர்ந்து வந்தது. சீமைக்கருவேலை அடுக்கி, மண் மெழுகிப் போட்ட கரிமூட்டம். “அது யாரோடது?” என்றேன். “நம்ம பங்காளியோடதுதான்ணாச்சி. மழை இல்லாத வருசத்துல அதுதான கஞ்சி ஊத்துது” என்றார். மூட்டம் எத்தனை நாள் எரியும், பிள்ளைக்கு எந்தெந்த நாள் இரைத்தது என்று கேட்டேன். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆலைக்காரர்களைக் கணக்குக் கேட்கிற நாம் நம் வீட்டுக் கணக்கை எழுதி வைப்பதில்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கச் சொன்னேன். இரைப்பு வரும்போது ஊசி போட்டுக்கொண்டு வருவதைவிட, டாக்டர் சொன்னபடி உறிஞ்சும் மருந்தைக் கையில் வைத்திருப்பது மேல். அதைத் தொடங்கினால் விடவே முடியாது என்று ஊரில் சொல்வது தவறு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சந்தேகம் வந்தால் 104-க்குப் பேசலாம். வாயு கசிந்தால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பதில் பயனில்லை. துணியும் சாதாரண முகக்கவசமும் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வேலையை நிறுத்திவிட்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், கண்ணைத் தண்ணீரில் கழுவ வேண்டும். கதவை அடைத்துக்கொள்ள வீடு இருந்தால் உள்ளே போய்விடலாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தால் கொடுங்கள் என்று பேத்தியிடம் வாங்கி, கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், என்ன வாடை, யாருக்கு என்ன செய்தது, மூட்டம் எரிந்ததா, இலையில் ஏதாவது தெரிந்ததா. படம் எடுத்தால் கைப்பேசியில் தேதியோடு இருக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கோ, திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கோ மனு கொடுக்கும்போது ‘அடிக்கடி புகை வருகிறது’ என்று எழுதுவதற்கும், பத்து வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் ஒரே மணிக்கு எழுதி வைத்த பத்து வரிகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வாரியம் அளக்காத 261 நாட்களுக்கும் அப்போது ஏதோ ஒரு கணக்கு இருக்கும்.

பங்காளியையும் போய்ப் பார்த்தோம். மூட்டத்தை வீடுகளுக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றிப் போட முடியுமா என்று கேட்டதற்கு, “கச்சான் இருக்கற வரைக்கும் அங்க போடுதேன், வாடை திரும்பினா இங்க” என்றார். பேத்தி அதற்குள் முதல் வரியை எழுதிவிட்டாள்: ‘ஆவணி 4. காலை 6 மணி. மேற்கு. கரிப்புகை. எனக்கு இருமல்.’